புகையில்லாத கப்பல்

அண்ணன் வீட்டு வாசலில் லாரி நின்றிருந்ததைப் பார்த்தபோது, மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். பிறகுதான் கயிறு போட்டுக் கட்டியிருந்த அண்ணன் மகளின் சைக்கிள் கண்ணில் பட்டது.

அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். அண்ணன் அங்கேயே பாதுகாப்புப் பிரிவில் என்ஜினியர். அணுசக்தியில் ஓடும் சரக்குக் கப்பல் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து தொழிலாளர் குடியிருப்பு இரண்டுபட்டுக் கிடந்தது. எண்ணெயில் ஓடும் கப்பல்களின் கரி இனிமேல் கொடித்துணியில் படியாது, பிள்ளைகளுக்கு இழுப்பு குறையும், மற்ற துறைமுகங்கள் பயந்து ஒதுக்கியதால் வேலை நமக்குத்தான் என்றது ஒரு கட்சி. கப்பலின் அணு உலை கசிந்தால் தப்பி ஓட இருப்பது ஒரே பாலம் என்றது இன்னொரு கட்சி. கூட்டத்தில் அண்ணன் எழுந்து, "என் புள்ளைங்களும் இங்கதான் வளரப்போறாங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றான். அந்த வார்த்தையை நம்பி அவள் சம்மதக் கையெழுத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கினாள். கப்பலில் சரக்குப் பெட்டிகளைப் பிணைத்திருக்கும் கட்டுக்கம்பியைக் கழற்றும் பெரியவர், அவள் முகத்துக்காகவே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணி அவளைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மலைப்பக்கம் நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது, தான் மட்டும் இங்கே அறை எடுத்துத் தங்குவதாக உத்தேசம் என்று இழுத்தான். அவள் திரும்பி லாரியிலிருந்த சைக்கிளைப் பார்த்தாள். அதுதான் அவனை மேலும் பேசவைத்தது.

"கப்பல் நல்ல கப்பல்தான். நான் பொய் சொல்லல. லட்சத்துல ஒண்ணுதான் தப்பாப் போகும்."

"அப்புறம் ஏண்ணே?"

"அந்த ஒண்ணுல என் புள்ளைங்க இருக்கக்கூடாதுல்ல."

அவன் மகளும் இவள் மகளும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஒன்றாகப் போகிறவர்கள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொல்லியிருந்தா நீ ஊரையே கூட்டியிருப்ப."

தன்னை இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்துதான் செய்திருக்கிறான்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்னால் அண்ணன் குடும்பத்தை ஊரைவிட்டு அனுப்புவதை ஓய்வறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். யாரும் திட்டவில்லை. கப்பல் அதற்குள் துறைமுக வாய்க்குள் நுழைந்திருந்தது. பெரியவர் மட்டும் கேட்டார்:

"உனக்கு எப்பலேந்து தெரியும்?"

"நேத்து சாயந்திரந்தான் தெரிஞ்சுது."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு அவர் வெளியே நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

அவள் ஏணியேறிக் கிரேன் அறைக்குள் உட்கார்ந்தாள். துளிப் புகையில்லாமல், சத்தமில்லாமல், வெள்ளைக் கப்பல் துறைமுக மேடையை ஒட்டி வந்து நின்றது. அழகாகத்தான் இருந்தது. கீழே கட்டுக்கம்பி ஆட்கள் கப்பலில் ஏறாமல் வரிசையாக நின்றார்கள். ஒருவர்கூடக் கப்பலைப் பார்க்கவில்லை. எல்லா முகங்களும் அண்ணாந்து அவளுடைய கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டிருந்தன.