பதினோரு தடவை தப்பிய விரல்

பிட்டர் சதுரங்கம் கற்றது, இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்த்த ஆலையில், சாப்பாட்டு இடைவேளைகளில். அங்கே காயைத் தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும். திருப்பி வைக்கக் கேட்டவனை ஒரு வாரம் யாரும் ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். ஓய்வு பெற்று, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பம்ப் ரூமில் வேலைக்குச் சேர்ந்து, கைப்பேசியில் ஆடத் தொடங்கியபோது ஒரே ஒரு சலுகையை அவரே சேர்த்துக்கொண்டார். விரல் தப்பினால் திருப்பித் தரலாம், புத்தி தப்பினால் தரக்கூடாது. ஸ்பேனர் பிடித்துத் தடித்த தன் விரல் கண்ணாடிமேல் எங்கே விழும் என்று அவருக்கே நிச்சயமில்லை.

மகளின் மாமனார், ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் மதியம் ஆட்டத்துக்கு அழைப்பார். இரண்டு மாதத்துக்கு முன் கண் ஆபரேஷன் ஆனது. அன்றிலிருந்து அவருக்குக் கண் மங்கல். பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த ஆள் மருமகள்தான், பிட்டரின் மகள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள், லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாவுக்குக் கண்ணு தெரியட்டும், மறுநாளே போ" என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தான். கண் மட்டும் தெரிந்தபாடில்லை.

"நான் வாயால சொல்றேன் சம்பந்தி, உங்க பொண்ணுதான் காயைத் தொடுறா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் ராணியைப் பறிகொடுக்கும்போதெல்லாம் திரையில் கேள்விக் கட்டம் ஒன்று எழும்பும். எதிராளி நகர்த்தலைத் திரும்பப் பெற விரும்புகிறார், சம்மதமா? கீழே ஒரு வரியும் வரும்: மருமக விரல் தப்பிடுச்சு.

பெண்ணைக் கொடுத்தவன் என்ன செய்வான்? பிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதம் கொடுத்தார். பதினோரு தடவை. ஒரு தடவைகூட மகளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பிள்ளைக்கு அந்த வீட்டில் என்ன கஷ்டமோ, கை நடுங்குகிறதோ என்று மனதுக்குள் புழுங்கியதோடு சரி.

அந்த வெள்ளிக்கிழமை கவிழ்த்த பெயின்ட் டப்பாவின்மேல் கைப்பேசி இருந்தது. மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. சம்பந்தியின் ராணி ஆசைப்பட்டு ஓரத்துச் சிப்பாயைத் தின்றது. பிட்டர் குதிரையைத் தாவவிட்டார். ராஜாவுக்குச் செக், ராணிக்கும் குறி. கையை எடுப்பதற்குள் மகளின் அழைப்பு வந்தது.

"அப்பா, லேப்ல இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். திங்கக்கிழமை வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்."

"உங்க மாமா என்ன சொல்றாரு?"

"கண்ணு இன்னும் தெரியலைங்கறார். நான் என்னப்பா பண்ண?"

"சரி, ஆட்டம் முடியட்டும். நான் பேசிப் பாக்கறேன்."

"எந்த ஆட்டம்?"

"செஸ்ஸும்மா. நீதானே அவருக்குக் காய் நகத்துற?"

"நானா? நான் மொட்டை மாடியில துணி காயப்போட்டுட்டிருக்கேன்."

திரையில் கட்டம் எழும்பியது. சம்மதமா? கீழே அதே வரி. மருமக விரல் தப்பிடுச்சு.

இவள் கைக்குழந்தையின் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடிக்கிறவள். இவள் விரல் பதினோரு தடவை தப்பியதாம், அதை அப்பன்காரன் நம்பினானாம். அந்த ஆள்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேலேயே திரும்பியது.

"துணியைப் போட்டுட்டுக் கீழ போ. சத்தம் போடாம அவரு பின்னால நில்லு. போனை வெச்சிடாதே."

அவர் பெருக்கல் குறியை அமுக்கினார். மறுத்துவிட்டார். படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு மின்விசிறியின் கடகட. திரையில் மறுபடியும் கட்டம். மகளின் குரல், யாருக்கோ கடிதம் படித்துக் காட்டுவதுபோல, நிதானமாக வந்தது.

"'சம்பந்தி, உங்க பொண்ணு விரல்தான் தப்பிடுச்சு, பெருந்தன்மையா...' ஏன் மாமா நிறுத்திட்டீங்க? முழுசா அடிங்க."

நாற்காலி கிறீச்சிட்டது.

"எப்பம்மா வந்த? இது... சும்மா விளையாட்டு."

"கறுப்புக் கண்ணாடி நெத்தியில இருக்கு. இத்துனூண்டு எழுத்து, தப்பில்லாம அடிக்கிறீங்க."

"பக்கத்துல வெச்சாத் தெரியுதும்மா. தூரம்தான்..."

"அப்பா லைன்லதான் இருக்கார், ஸ்பீக்கர்ல போடுறேன்."

"சம்பந்தி." பிட்டர் மோட்டாரை மீறிக் கத்தவில்லை, மோட்டாரையே நிறுத்திவிட்டுப் பேசினார். "எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். நீங்க தோத்தா எனக்கென்ன, ஜெயிச்சா எனக்கென்ன. கேட்டிருந்தா நூறு தடவை குடுத்திருப்பேன். உங்க புத்தி தப்பினதுக்கு எம் பொண்ணு விரலையா காட்டுவீங்க?"

"ஒரு பொம்மை ராணிக்காக உறவைக் கெடுத்துக்காதீங்க. பெரியவங்க விட்டுக்குடுத்துப் போகணும்."

"விட்டுக்குடுத்துதான் இவ ரெண்டு மாசமா துணி காயப்போடுறா. குதிரை உங்க ராணியைப் பாத்தது உடனே தெரிஞ்சுது. அதுக்குத் தெரிஞ்ச கண்ணு, இவ வேலைக்குப் போக மட்டும் தெரியலையா?"

மகள் குறுக்கிட்டாள். "மாமா, சாயங்காலம் உங்க மகன் வந்ததும் நீங்க அடிச்ச வரியைக் காட்டுவேன். இப்ப லேபுக்குப் போன் பண்ணணும். அப்பா, வெச்சிடுறேன்."

சம்பந்தியின் ஆட்டக் கடிகாரத்தில் இன்னும் பதினான்கு நிமிடம் இருந்தது. அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளவும் இல்லை, ராஜாவை நகர்த்தவும் இல்லை. காக்கவைத்தே சலிக்க வைக்கிற ஆபீஸ் புத்தி. பிட்டர் மோட்டாரை மறுபடி ஓட்டிவிட்டு, டப்பாவின் எதிரில் குந்தி உட்கார்ந்தார். தொட்டியில் நீர் ஏறியது. நொடி நொடியாகக் கடிகாரம் இறங்கியது. கோபம் இம்மியும் இறங்கவில்லை.

மகளிடமிருந்து செய்தி வந்தது: திங்கள் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. மாமா ரூம் கதவைச் சாத்திக்கிட்டார்.

இருபது நொடி மிச்சம் இருக்கையில் கட்டம் எழும்பியது. இந்த முறை கேள்வி வேறு. எதிராளி ஆட்டத்தைச் சமன் செய்ய விரும்புகிறார், சம்மதமா?

பிட்டர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்தார். தப்பிவிடக்கூடாது என்று, இன்னொரு கையால் கைப்பேசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெருக்கல் குறியின் நடுவில் வைத்தார்.