கொட்டடிச் சுவரில் தட்டும் பேய்

...அதெப்படி ஒரே பேய் ஆளுக்கொரு தினுசாக வரும், கீரைக்காரி சொக்கம்மாளுக்கு அது பூட்ஸ் கால் துரை, எதிர்வீட்டுக்காரிக்குத் தூக்கில் தொங்கிய கைதி, சம்பந்தி வீட்டாருக்கு ஜின்னு, அவரவர் வசதிக்கு ஒரு பேய், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்று ரஹீமுன்னிசா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜட்காவில் ஏறினாள். ஜப்பான் சண்டை முடிந்ததும் அந்தப் பழைய ஜெயிலைக் காலி பண்ணிவிட்டார்கள், பூட்டியே கிடந்தது, அப்போதெல்லாம் பேயும் இல்லை பிசாசும் இல்லை, போன மாசம் அதை அரிசி கோடௌன் ஆக்கி வேலப்பன் என்று ஒரு வாட்ச்மேனைப் போட்டார்கள், கூடவே பேயையும் போட்டுவிட்டார்கள் போல... ராயபுரத்தில் வேறு வீடா இல்லை, ஜெயில் மதிலை ஒட்டின ஜின் வீட்டிலா பெண் எடுப்பது, யோசிக்க வேண்டியிருக்கிறது என்று மாப்பிள்ளை மஜீதின் அம்மா ரசூல் பீவி சொல்லி அனுப்பியிருக்கிறாள், எப்போது, நிச்சயம் முடிந்து, ஊரெல்லாம் சொன்ன பிறகு. இந்தச் சம்பந்தம் நின்றால் மகள் சபீஹாவை அப்புறம் எவன் கேட்டு வருவான்? பேய் வீட்டுப் பெண் என்ற பேர் லேசில் போகுமா? "பாயம்மா, உங்க வூட்டாண்ட முனி நடமாடுதாமே, மெய்யாலுமா?" என்று வண்டிக்காரப் பரசுராமன் திரும்பிப் பார்த்துக் கேட்டான். சரிதான், இவனுக்கு முனி. "உன் குதிரைக்குத்தான் முனி புடிச்சிக்கீது, அது நிக்கிற எடத்தைப் பாரு, ஓட்டு" என்றாள். அவன் சாட்டையைச் சொடுக்கினான், வண்டி கல்மண்டபத்தைத் தாண்டியது.

தட்டுகிறதாம், கொட்டடிச் சுவர் தானாகத் தட்டுகிறதாம்... தட்டுவது யாரென்று அவளுக்கா தெரியாது, பிரியாணிக் கடைகளுக்கு மிளகாயும் மல்லியும் இடிக்கிற கை அவளுடையது, இடித்து முடித்ததும் உலக்கையில் ஒட்டின தூளை எல்லாப் பெண்களும் உரல் விளிம்பில் தட்டுவார்கள், இவள் மட்டும் சுவரில் தட்டுவாள், மூன்று தட்டு. பழகின கை, சொன்னால் கேட்பதில்லை. வீட்டுக்காரர் தாவூது அந்த ஜெயிலுக்குள் இருந்தபோது பழகினது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற இடத்தில் அடிதடி, கையிலிருந்த கொக்கி பட்டு ஒருவன் செத்துப்போனான், வீட்டுக்காரர் கைதியானார். வீடுகள் இருக்கிற பக்கத்து மதிலை ஒட்டித்தான் தேங்காய் நார் அடிக்கிற கொட்டடி, எனக்கு அங்கேதான் வேலை என்று மனு எழுதிக் கொடுத்து ஜெயிலில் பார்க்கப் போனபோது அவர்தான் சொன்னார். அதற்காகவே சபீஹாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்குக் குடிவந்தாள், கேட்டவர்களிடம் அவர் ரங்கூனில் இருக்கிறார் என்றாள். இவள் உலக்கையால் மூன்று தட்டினால் அவர் நார் அடிக்கிற மரக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டுவார். நாங்க நல்லா இருக்கோம். நானும். அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம். ஒரு நாள் அந்த இரண்டு வரவில்லை, மறுநாளும் வரவில்லை, போய்க் கேட்டால் வாந்திபேதி, அடக்கம் பண்ணியாச்சு என்றார்கள். வாய்விட்டு அழ முடிந்ததா, ரங்கூனில் இருக்கிறவருக்கு ராயபுரத்தில் உட்கார்ந்து எப்படி அழுவது? அப்புறம் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான், அவர் அதில் போய்விட்டார் என்று அன்றைக்குத்தான் அழுதாள், தெருவே கூட உட்கார்ந்து அழுதது.

இப்போது அதெல்லாம் எதற்கு, அவர் பேச்சே வேண்டாம், அது என் உலக்கை, தூள் தட்டுகிறேன், அவ்வளவுதானே, பொய்யும் இல்லை, தேவையான மட்டும் உண்மை... தண்டையார்பேட்டையில் ரசூல் பீவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் டீயை நீட்டினாள். ரஹீமுன்னிசா வாங்கிக் கீழே வைத்தாள். "ஜின்னும் இல்ல, கின்னும் இல்ல லாத்தா. நான்தான் ஒலக்கைய செவுத்துல தட்டுறேன், தூளு உதுர. செவுரு அந்தாண்ட கொட்டடி காலியா கீது, சத்தம் பெருசா கேக்குது."

ரசூல் பீவி வாயைப் பிளந்தாள், அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், அப்பாடா, சிரித்துவிட்டாள். "இதுக்கா அந்த வேலப்பன் வேலையே வேணான்னு நிக்கிறான்? மஜீது அத்தா கடைக்கு வந்து ஒப்பாரி வெச்சிகினு போனானே." சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். "ஆனா ரஹீமா, அவன் இன்னொண்ணு சொன்னானே. மொதல்ல மூணு தட்டாம், கொஞ்சம் நேரம் கம்முனு கீதாம், அப்பால ரெண்டு. தெனமும் அப்படித்தானாம். அந்த ரெண்டு இன்னாது?"

இரண்டா... என்ன இரண்டு, இவள் இரண்டு தட்டுவதில்லையே, அந்த இரண்டு மண்ணுக்குள் போய் எத்தனை வருஷம், அது இவளுக்கும் செத்தவருக்கும் மட்டும் தெரிந்ததாயிற்றே, ரசூல் பீவியின் முகத்தில் சிரிப்பு பாதியில் நிற்கிறது, ஏதாவது சொல், சொல்லித் தொலை, கல்யாணம் போகப்போகிறது... "அது சபீஹா" என்றாள். "நான் சலிக்க வாசலுக்கு வந்துருவேன். ஒரலத் தொடச்சி வெக்கிறது அவதான். அவளும் தட்டுவா."

"அதானே பாத்தேன். தாயும் மவளும் சேந்து ராயபுரத்தையே பேஜாராக்கிட்டீங்க" என்று ரசூல் பீவி மறுபடி சிரித்தாள், வெள்ளிக்கிழமை வந்து நாள் குறித்துவிடலாம் என்றாள். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள் ரஹீமுன்னிசா, சொன்ன பிறகுதான் அது மனசில் போய் உட்கார்ந்தது. அந்த உரலுக்குப் பக்கத்தில் வேறு யார் நிற்கிறார்கள்? உரலடியில் உட்கார்ந்து மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, மூன்றையும் இரண்டையும் கேட்டு வளர்ந்த குழந்தை... ரங்கூனிலிருந்து அத்தா என்ன வாங்கி வருவார் என்று ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டிருக்கிறாளா அவள்? கேட்டதே இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எவ்வளவு நிம்மதியாக இருந்தேன். இத்தனை காலமும் பதில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, இவள்தான் வாசலில் உட்கார்ந்து சல்லடையைத் தட்டிக்கொண்டு அதைக் கேட்காமல் இருந்திருக்கிறாள். சாயங்காலம் மல்லி இடிக்க வேண்டும், முடித்ததும் வாசலுக்குப் போகாமல் அங்கேயே நின்றால் அவள் தட்டுவாளா, தட்டினால் என்ன சொல்வது... "டீ ஆறுது, குடி" என்றாள் ரசூல் பீவி. குடித்தாள், சர்க்கரை போட்டார்களா இல்லையா என்றே தெரியவில்லை.