முருகன் குடியிருந்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, அரிசி களைந்து உலையில் போட்டு வந்தாலும் அது வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நான் கல்லூரியில் படித்தபோது அப்பா கண்ணமங்கலத்தில் வாங்கிக் கொடுத்தது. கல்யாணச் சீரோடு அதுவும் ஜீப்பில் மலையேறிப் புதூர்நாட்டுக்கு வந்துவிட்டது. அந்த ஜீப்பை ஓட்டி வந்தவர்தான் மாப்பிள்ளை, பூபாலன். தனக்கு வந்த சீரைத் தானே ஓட்டி வந்த மகராசன்.

அவருக்கு ஜீப்பும் ஒன்றுதான், கம்ப்யூட்டரும் ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு ஜீப்புக்கு வைக்கிற சந்தனம், குங்குமம், பூச்சரம் எல்லாம் இதற்கும் உண்டு. போன வருடம் ஜீப் கண்ணாடியில் ஒட்ட முருகன் ஸ்டிக்கர் ஒன்று வாங்கினார். அது பெரிதாக இருந்து ரோட்டை மறைத்ததால், கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டார். வேலும் மயிலுமாக முருகன் அங்கே குடியேறினார். வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குச் சாம்பிராணியும் போட்டார்.

மெதுவாக இருந்தால் என்ன, நமக்கென்ன அவசரம் என்று நானும் விட்டுவிட்டேன். இந்த ஆடியில்தான் அவசரம் வந்தது. ஒலிப்பதிவைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்ய, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் வேண்டும் என்று சென்னையில் ஒரு நிறுவனம் அறிவித்திருந்தது. திங்கட்கிழமை காலை ஆன்லைனில் பரீட்சை. தேறினால் இந்த மேஜையே ஆபீஸ். தேறாவிட்டால் அம்மா வீட்டில் தங்கி, வேலூரில் துணிக்கடை வேலைக்குப் போக வேண்டும். ஜீப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடக்காது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் வாரத்துக்கு ஒருநாள் புருஷனைப் பார்க்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம். நினைத்தாலே அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது.

பெட்டியைத் திருப்பத்தூருக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் ராஜ்குமார் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக எஸ்.எஸ்.டி. போட்டார், ரேம் மெமரியும் கூட்டினார். வீட்டில் போட்டுப் பார்த்தேன். வட்டம் ஒரே சுற்று, திரை வந்துவிட்டது. நம்ப முடியாமல் அணைத்து மறுபடி போட்டேன். பூபாலனைக் கூப்பிட்டு அவருக்கும் ஒருமுறை போட்டுக் காட்டினேன்.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்தான். வேலை செய்துகொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்தது. கரண்ட் இருந்தது, ஒயரும் சரியாகத்தான் இருந்தது. ராஜ்குமாருக்குப் போன் போட்டேன்.

"சூடாவுதான்னு தொட்டுப் பாருங்கக்கா" என்றார்.

"போர்வைய வுட்டு வெளிய வர முடியல, இங்க எங்கங்க சூடு?"

சொல்லிவிட்டுத் தொட்டேன், கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். முருகன் ஒட்டியிருந்த தகட்டைக் கழற்றினால், உள்ளே மின்விசிறி கறுத்துக் கிடந்தது. ஒரு வருடச் சாம்பிராணிக் கரி, அதன்மேல் நாங்கள் சாமை புடைத்த தூசி. பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தேன். அப்போதுதான் கவனித்தேன், தகட்டில் காற்றுப் போக ஓட்டைகள் இருந்தன. அவற்றின்மேல்தான் முருகன் நின்றிருந்தார். முன்பெல்லாம் இவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டியதில்லை, அதனால் தெரியவில்லை. சாமி படத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. தகட்டை மட்டும் சுவரில் சாய்த்துவிட்டு ஓட்டினேன். சாயங்காலம் முழுக்க ஒருமுறைகூட அணையவில்லை. இப்படியே பரீட்சை எழுதிவிடலாம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை நான் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, முதல் சவாரி முடித்து வந்தார் பூபாலன். துடைப்பத்துக்குப் பக்கத்தில் தரையில் முருகன். அவருக்கு மனசு கேட்குமா? தகட்டை எடுத்து மாட்டி, ஸ்குரூ முடுக்கி, பரீட்சை நாளாச்சே என்று சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். பெட்டி மேஜைக்கு அடியில் இருந்ததால் நான் பார்க்கவில்லை. அவசரமாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

பாதிப் பரீட்சையில் திரை கறுத்தது. குனிந்து பார்த்தால், புதுப் பொட்டோடு முருகன் சிரிக்கிறார்.

"இன்னாங்க பண்ணி வச்சிக்கீறீங்க?" வாசலில் இருந்தவரைப் பார்த்துக் கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"சாமியப் போய்த் தொடப்பத்தாண்ட வச்சிருந்தியே நதியா. அதான் மாட்னேன்."

"அது மூச்சு வுடற ஓட்டைங்க. அத்த அடைச்சிகினுதான் ஒங்க சாமி நிக்கிறாரு. நான் வேலூருக்கே போய்டறேன், வுடுங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. "ரேடியேட்டர் முன்னால சாக்கு கட்டி வுட்டாப்புல ஆச்சே" என்று முணுமுணுத்தவர், மேஜைக்கு அடியில் புகுந்து, ஸ்குரூவைக் கழற்றித் தகட்டை உருவினார். நான் விசிறியால் வேகமாக வீசினேன். போட்டதும் ஒரே சுற்றில் திரை வந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் அந்த வட்டத்திலேயே என் பரீட்சை முடிந்திருக்கும். விட்ட இடத்திலிருந்தே எழுதலாம் என்று போட்டிருந்தது, ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே சவாரிக்கு வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"போங்க, ஆளுங்க காத்துகினுக்கீறாங்க" என்றேன் திரும்பாமலே.

"இருக்கட்டும். நீ எழுது."

கடைசி வரியை அடித்து அனுப்பிவிட்டுத்தான் திரும்பினேன். தகட்டைத் தரையில் வைக்க மனமில்லாமல், முருகனை மார்போடு அணைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தார். அவர் சட்டையெல்லாம் சந்தனம். இந்த மனுஷனை விட்டு நான் எங்கே போவது என்று இருந்தது.

வியாழக்கிழமை வேலை கிடைத்த மெயில் வந்தது, மறுநாளே ஆரம்பிக்கச் சொல்லி. அன்றைக்கே வெந்நீரில் துணி நனைத்து, ஓரம்கூடக் கிழியாமல் முருகனைத் தகட்டிலிருந்து எடுத்து, மேஜைக்கு நேராகச் சுவரில் ஒட்டினார் பூபாலன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புகைகிற சாம்பிராணித் தட்டோடு வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"ஆபீஸ் முடிஞ்சதும் பொட்டிய ஆஃப் பண்ணி, துணி போட்டு மூடிட்டுச் சொல்லு நதியா. அப்பால உள்ள வர்றேன்."