ஆமாவும் ஆமெனும்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்றுதான் பேர். பதினெட்டு வருஷமாக ஒரே மேஜை. மெஷினிலிருந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்பை மூலை பிடித்து, உதறி, எட்டாக மடித்து அடுக்குவாள். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். அப்படிப்பட்டவளுக்கு வீட்டில் பதில் பேச ஆளில்லாமல் போச்சு என்றால், அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

அவள் வீட்டுக்காரர் லேத்துப் பட்டறையில் கடைசல் பிடிக்கிறவர். மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற ஆள். ஒருநாள் மத்தியானம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்துவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு சுத்தமாக நின்றுபோச்சு.

சாமிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இவள் ஜெபக்கூடத்துக்குக் கிளம்பும்போதெல்லாம், "உங்க ஆளுக்குக் காது மந்தமா? எதுக்கு மைக் வச்சுக் கத்துறீங்க?" என்று கேட்பார். இவளும் சளைக்க மாட்டாள். "உங்களுக்குத்தான் மந்தம், அதான் மைக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

டாக்டர் கையை விரித்த அந்த மூன்று நாளும் அவளை நிமிர்த்தி உட்கார வைத்தது அந்த நம்பிக்கைதான். பெஞ்சில் உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுத்தபடியே இருந்தாள். 'உயிரை விட்டுவை, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்' என்றாள். உயிர் தங்கியது. அதை அற்புதம் என்று அவள் நம்பினால் அதில் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்த கூத்து.

ஆஸ்பத்திரியிலேயே பேச்சுப் பயிற்சிக்கு ஒரு டீச்சர் இருந்தாள். மெலிந்த உடம்பு, கறாரான குரல். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இவருக்கு. படம் போட்ட அட்டைகளைக் காட்டி, கண்ணாடி முன்னால் வாயைத் திறக்க வைத்து, இடது கையால் மேஜையில் தட்டச் சொல்லித் தாளத்தோடு முனக வைப்பாள்.

"அவருக்கு எல்லாமே புரியுதும்மா. சொல்லத்தான் வழி அடைச்சிருக்கு. முதல் ஆறு மாசம் விடாம வரணும். இப்ப விட்டதை அப்புறம் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். மூணு வாரம் வரலேன்னா பேரை எடுத்துடுவாங்க, வெளியே அறுபது பேர் காத்திருக்காங்க" என்றாள்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போனார்கள். ஒரு சத்தமும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஜெபக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பேச்சு இருந்திருந்தால் அவர் வாசலிலேயே சண்டை பிடித்திருப்பார். போதகர் இறங்கி வந்து அவர் தலையில் இரண்டு கையையும் வைத்தார். கூடமே எழுந்து நின்றது. நெடுநேரம் ஜெபித்துவிட்டு, "எல்லாரும் ஆமென் சொல்லுங்க!" என்று முழங்கினார். கூடம் சொல்லி அடங்கியது. அந்த அமைதியில், கதவு கிறீச்சிடுகிற மாதிரி, அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஆ... மா."

"ஆமென் சொல்லிட்டார்!" என்று யாரோ அலறினார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? அழுகை, கைதட்டல், அல்லேலூயா. மடிப்பக்கா தரையில் விழுந்து அழுதாள். அவள் காதிலும் ஆமென் என்றுதான் விழுந்தது. சத்தியமாக.

வீட்டுக்கு வந்து, "தண்ணி வேணுமாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சாப்பிடுறீங்களா?"

"ஆமா."

"கொஞ்சம் படுக்குறீங்களா?"

"ஆமா."

பார்க்க வந்திருந்த நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்கண்ணன் உங்ககிட்ட இதைத்தானே அண்ணி சொல்லிக்கிட்டிருக்கு? இதுல என்ன அற்புதம்?" என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மடிப்பக்காவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவருக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு வார்த்தை. எதைக் கேட்டாலும் அதுதான் வரும். புரிந்தும் வாயை மூடிக்கொண்டாள். ஆமென்தான் தேய்ந்து ஆமாவாக வருகிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம்தான் குடியைக் கெடுத்தது.

போதகர் ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார். "சகோதரி, வெள்ளிக்கிழமை காலை உபவாச ஜெபத்துல அவரைச் சாட்சியா நிறுத்துவோம். ஆண்டவர் ஆரம்பிச்ச வேலையை ஆண்டவரே முடிப்பார். நடுவுல ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா அது சந்தேகம். சந்தேகம் இருக்கிற இடத்துல அற்புதம் நிக்காது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. டீச்சரா, கூடமா? அவள் கூடத்துக்குப் போனாள்.

ஏன் போனாள் என்று பூசி மெழுக வேண்டாம். நம்பிக்கை ஒரு பங்கு. மீதி, சாட்சியின் மனைவி என்று கூடத்தில் அவளுக்குப் போட்ட முன்வரிசை நாற்காலி. பதினெட்டு வருஷம் அடுத்தவர் அழுக்கை மடித்தவளிடம் வந்து, "அக்கா, என் பிள்ளைக்காக ஜெபம் பண்ணுங்க" என்று ஊர்ப் பெண்கள் கையைப் பிடித்தால் யாருக்குத்தான் தலை கிறுகிறுக்காது? அவளுக்கும் கிறுகிறுத்தது.

ஒவ்வொரு வாரமும் போதகர் மைக்கை அவர் வாயருகே நீட்டுவார். "உங்களைத் தொட்டது ஆண்டவர்தானே?" ஆமா. "முன்னாடி பாவத்துல இருந்தீங்கதானே?" ஆமா. "இப்ப விசுவாசிக்கிறீங்கதானே?" ஆமா. கூடம் ஆர்ப்பரிக்கும். அவர் மட்டும் மனைவியையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

இப்படியே ஆறு வெள்ளி ஓடிப்போச்சு.

ஏழாவது வெள்ளி காலை, அவருக்குக் குளிக்க வார்க்கக் காலுறையைக் கழற்றினாள். உறை கழன்று வரவில்லை, ஒட்டிக்கொண்டு வந்தது. வலது குதிகாலில் நாற்காலியின் கால்மிதிக் கம்பி அழுத்தி அழுத்தி, ஒரு ரூபாய் அளவுக்குப் புண், சீழ் வைத்துவிட்டது. நாலைந்து நாளாக அவர் முகம் சுளித்ததை அவள் பார்த்தாள். "வலிக்குதா?" என்றும் கேட்டாள். ஆமா என்றார். எதைக் கேட்டாலும் அதைத்தானே சொல்கிறார் என்று விட்டுவிட்டாள்.

"அடிப்பாவி, நான் மனுஷிதானா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஊர்ப்பட்ட புண்ணின் கறையெல்லாம் அவள் மேஜைக்கு வரும். எந்தக் கறை எத்தனை நாள் பழசு என்று பார்த்ததும் சொல்வாள். வீட்டில் இருந்த புண் அவள் கண்ணில் படவில்லை.

மருந்து வைத்துக் கட்டினாள். பிறகு அவரைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கே போனாள். வழியெல்லாம் ஜெபித்தாள். 'எனக்கு அற்புதம் வேண்டாம். கொஞ்சம் தைரியம் குடு. வாய் குழறாம இருந்தா போதும்.' கேட்டது கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

போதகர் வழக்கம்போல மைக்கை நீட்ட, அவள் எட்டி வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, இன்னிக்கு நான் கேக்கறேன்" என்றாள். வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நீங்க பொம்பளையா?"

"ஆமா."

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"வெளியே மழை கொட்டுதா?"

சன்னல் வழியே வெயில் கண்ணைப் பறித்தது. "ஆமா" என்றார்.

"இங்க நடக்கறதெல்லாம் பொய்யா?"

"ஆமா."

"இவருக்கு இந்த ஒரு வார்த்தைதாங்க இருக்கு" என்றாள் மடிப்பக்கா. "அன்னிக்கு இவர் ஆமென் சொல்லலை. ஆமான்னார். எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சே ஆறு வாரம் உங்களையும் ஏமாத்தினேன், இவரையும் கேலிக்கூத்தாக்கினேன். ஆண்டவர் பேரைச் சொல்லி இனிமே ஏமாத்த முடியாது."

போதகர் மைக்கைப் பிடுங்கினார். "பாருங்க, சந்தேகத்தின் ஆவி! இந்தச் சகோதரியோட சந்தேகம்தான் அவர் வாயைக் கட்டி வச்சிருக்கு!"

நம்பினார்கள். அதுதான் வயிறு எரிகிறது, உடனே நம்பினார்கள். கையைப் பிடித்த அதே பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். வாசலில் மூன்று படி. வாரா வாரம் நாற்காலியைத் தூக்க நாலு பேர் ஓடி வருவார்கள். அன்றைக்கு ஒரு நாதி இல்லை. அவள் தனியாகவே பின்பக்கமாக இறக்கினாள். ஒவ்வொரு படிக்கும் அவர் உடம்பு குலுங்கியது.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. பேச்சு டீச்சர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாள். "பேரை எடுத்துட்டாங்கம்மா. உங்க பத்து மணிக்கு இப்ப வேற ஒருத்தர். மறுபடி வரிசை வர நாலு மாசம் ஆகும்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. "நல்ல நேரத்தை விட்டுட்டீங்களேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

மடிப்பக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் பழைய அட்டைக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். "நீங்க இங்கதானே வேலை பாக்கறீங்க? மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கால்மணி நேரம் வாங்க, சொல்லித் தரேன். வீட்ல நீங்களே பண்ணுங்க. முதல்ல 'இல்ல' வரணும். இல்லைன்னு சொல்லத் தெரியாதவர் சொல்ற ஆமாவை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அன்றிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்பும் முன்னால் கண்ணாடியை நிறுத்தி வைத்து உட்கார்ந்தார்கள். இ... ல்ல. நாக்கு மேலே. இடது கை மேஜையில் தட்டட்டும். இ... ல்ல. அவர் வாய் கோணி, எச்சில் வழிந்து, வியர்த்து, கடைசியில் ஆமா என்று வந்து நிற்கும். சில நாள் மேஜையை ஓங்கிக் குத்துவார். கூடத்துக்கு அவள் போகவில்லை. ஜெபத்தை விடவும் இல்லை. சலவைக்கூடத்தில் மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் சத்தமாகவே சண்டை போட்டாள். 'உன்னை நம்பித்தானே இருக்கேன்? வேற யார்கிட்ட போவேன்? ஒரே ஒரு இல்ல குடு. குடுத்தா உனக்கென்ன குறைஞ்சா போயிடும்?' அந்தச் சண்டைதான் அவளை மறுநாள் காலை மறுபடி கண்ணாடி முன்னால் உட்கார வைத்தது.

பயிற்சி முடிந்ததும் தினமும் ஒன்று கேட்பாள். "என்னை மன்னிச்சிட்டீங்களா?"

"ஆமா" என்பார்.

அந்த ஆமாவை அவள் என்ன செய்வாள்? தொண்டையில் சிக்கிய முள் மாதிரி அதோடேயே வேலைக்குப் போவாள்.

பதினோரு வாரம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை, அட்டைகளை அடுக்கிக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல், வழக்கம்போலக் கேட்டாள்.

"என்னை மன்னிச்சிட்டீங்களா?"

பதில் வரவில்லை. நிமிர்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இடது கை ஒருதரம் மேஜையைத் தட்டியது.

"இ... ல்ல."

வாய் தவறி வந்ததோ என்று பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. தலையையும் மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினார். "இல்ல" என்றார் மறுபடி, இந்த முறை ஒரே மூச்சில்.

மடிப்பக்கா அப்படியே மண்டியிட்டாள். நெஞ்சு வெடிக்கிற வலி, அதே நேரத்தில் அடக்க முடியாத சந்தோஷம். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று அழுதாள். பிறகு அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.