ஏழு வாக்கு வித்தியாசம்

கதவு மணி இரண்டாவது தடவையும் அடித்தது. குலேந்திரன் எழும்பவில்லை. வெளியே நிற்பது யாராக இருந்தாலும் கக்கத்தில் ஒரு சாம்பல் நிற உறை இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

வாக்களிப்பு உறை.

சுவிஸில் கூர் நகருக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் அந்தக் கிராமத்தில் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்த தமிழர் பதினொரு பேர். வருடத்தில் மூன்று நான்கு தடவை தபாலில் உறை வரும். உள்ளே வாக்குச்சீட்டு, கையெழுத்து வைக்கும் அட்டை, ஜெர்மன் மொழியில் ஒரு விளக்கப் புத்தகம். அட்டையில் கையெழுத்தை மட்டும் வைத்துவிட்டு உறையை அப்படியே குலேந்திரனிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். கூடவே ஒரு பேப்பர்ச் சரை மிக்சரும் வரும்.

டாவோஸ் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்று கூரில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கே பொறுப்பாக இருக்கிற மனிதர். ஜெர்மன் வாசிப்பார். ஆனால் வாக்குச்சீட்டு விஷயத்தில் அவருக்கு ஒரே கொள்கைதான்; அதை உறை கொண்டுவருபவர்களிடம் சொன்னதில்லை.

"விளங்காட்டி 'நைன்' எண்டு எழுத வேண்டியதுதான். வேண்டாம் எண்டு சொன்னால் ஒண்டும் மாறாது. இருக்கிறது இருக்கிறபடி இருக்கும்."

புத்தகத்தைத் திறக்காமலே, தன்னுடையதோடு சேர்த்துப் பதினொரு சீட்டிலும் எழுதித் தள்ளுவார். மிக்சர் முடிவதற்குள் ஜனநாயகம் முடிந்துவிடும்.

போன நவம்பரிலும் அப்படித்தான் முடிந்தது.

டிசம்பரில் கால அட்டவணை மாறியது. காலை ஐந்து பத்துக்குக் கீழே ரயில் நிலையத்துக்கு இறங்கும் பஸ் நின்றுபோனது. ஜனவரியில் ஒரு நாள் ஆறரை மணிக்குக் குலேந்திரன் காரில் வேலைக்கு இறங்கியபோது, இரண்டாவது வளைவில் உறைபனி மேல் ஒற்றைச் சப்பாத்து கிடந்தது. பெண்கள் போடும் சப்பாத்து. பக்கத்தில் யாரும் இல்லை.

பின்னேரம்தான் செய்தி தெரிந்தது. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி, முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஜெயமலர், பஸ் இல்லாததால் இருட்டில் நடந்து இறங்கியிருக்கிறாள். வழுக்கி விழுந்து, தொடை எலும்பு உடைந்து, முக்கால் மணி நேரம் கிடந்திருக்கிறாள். பால் லொறிக்காரன் கண்டிருக்காவிட்டால் விறைத்தே போயிருப்பாள்.

அடுத்த சனிக்கிழமை, பழைய பேப்பர்களைக் கயிறு போட்டுக் கட்டும்போது அந்த நவம்பர்ப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. குலேந்திரன் சும்மா பிரித்தார். நாலாம் பக்கம். 'அதிகாலைப் பஸ்ஸுக்கான ஒப்பந்தத்தைத் தொடரலாமா? நிராகரிக்கப்பட்டால் டிசம்பரோடு சேவை நிறுத்தப்படும்.'

பிறகு வந்த முடிவைத் தேடிப் பார்த்தார். ஏழு வாக்கு வித்தியாசத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தது. அவர் எழுதியது பதினொன்று.

அன்றிலிருந்து அந்த வளைவு வரும்போதெல்லாம் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். பனி கரைந்து மே மாதம் புல் முளைத்த பிறகும், அந்தச் சப்பாத்து மட்டும் அங்கேயே கிடந்தது. அவர் கண்ணுக்கு.

மணி ஓய்ந்தது. மனைவி யோகாம்பாள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வேறொரு சத்தம். டொக்... டொக்... டொக்...

ஊன்றுகோல்!

"என்ன அண்ணை, பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறியள்?" ஜெயமலர் கதிரையில் மெல்லச் சாய்ந்தாள். "மிக்சர் கொண்டுவரேல்லை எண்ட கோவமோ?"

உறையை மேசையில் வைத்தாள். அட்டையில் கையெழுத்துத் தயாராக இருந்தது.

"சனம் கையெழுத்துச் சேர்த்து, பஸ்ஸைத் திரும்ப வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்திருக்காம். இந்த முறை 'யா' எண்டு எழுதித் தாங்கோ. அண்ணை, போனமுறை ஏழு வாக்காலைதானாம் போனது. அந்தப் பாவியள் ஆர் அண்ணை? கால் வலிக்கேக்கை எல்லாம் அவங்களைத்தான் மண் அள்ளித் திட்டுறனான்."

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெட்டிக்குள் விழுந்த சீட்டுக்குப் பெயர் கிடையாது. சொன்னால் இந்த ஊரில் இனி யார் முகத்திலும் விழிக்க முடியாது. அடுத்தவர் சீட்டை எழுதுவது குற்றம் என்று பொலிஸ் வந்தாலும் வரும்.

குலேந்திரன் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, நவம்பர்ப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் போட்டார்.

"நான்தான். வாசிக்கேல்லை. எல்லாத்திலும் 'நைன்' எண்டு எழுதிப்போட்டன்."

யோகாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயமலர் புத்தகத்தைத் தள்ளிவைத்தாள்.

"என்ரை சீட்டிலையுமோ?"

"ஓம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் அடித்திருக்கலாம்.

"அப்ப, இவ்வளவு நாளும் என்னையும் சேர்த்துத்தான் திட்டியிருக்கிறன்."

பேனையை எடுத்த குலேந்திரனின் கையை ஊன்றுகோலால் தட்டினாள். "வையுங்கோ. இந்த முறை என்ன போட்டிருக்கு? வாசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் வாசித்தார். "'யா' எண்டால் டிசம்பர் தொடக்கம் காலமை பஸ் வரும். ஊர் வரி கொஞ்சம் ஏறும். 'நைன்' எண்டால் பஸ் இல்லை. வரியும் ஏறாது."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"இதைச் சொல்ல ஒரு நிமிஷமும் ஆகேல்லையே அண்ணை!"

உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அவளே எழுதினாள். உறையை ஒட்டினாள். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"பிழை உங்களிலை மட்டுமில்லை. வாக்கும் என்ரை, காலும் என்ரை. விளங்காமல் கையெழுத்து வைச்சதும் நான்தான். இனி ஆருக்கும் எழுதிக் குடுக்காதேங்கோ, விளங்கப்படுத்துங்கோ. தெரிஞ்சவன் செய்ய வேண்டிய உதவி அதுதான். எழுதிக் குடுக்கிறது, அடுத்தவன்ரை வாயைப் பொத்திப்போட்டு நாங்கள் கதைக்கிற வேலை."

டொக்... டொக்... சத்தம் படியிறங்கியது. அது இனி அவர் காதை விட்டுப் போகாது.

மறுபடியும் மணி. இந்தத் தடவை குலேந்திரனே போய்த் திறந்தார். தில்லைநாயகி, ஒரு கையில் உறை, மறு கையில் மிக்சர்ச் சரை.

"உள்ளுக்கு வாங்கோ தில்லையக்கா," என்றார். "பேனை உங்கடை கையிலையே இருக்கட்டும். முதல்லை வாசிச்சுச் சொல்லுறன், கேளுங்கோ."