நாற்பது சொட்டு

"அப்பா, அது நாக்கை நீட்டுச்சே. அப்புறம் ஏன் குடுக்கலை?"

விடுமுறை நாளொன்றில் ஆய்வகத்துக்கு வந்திருந்த ஏழு வயது மகள் கேட்டது இது. அப்பா அங்கே உதவியாளர். தேனீயைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி ஒரு சிறு குழாயில் நிறுத்தி, கிராம்பு வாசனையை ஊதி, உடனே ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது அவர் வேலை. மூன்று முறை கொடுத்தால் தேனீ பாடம் படித்துவிடும். பிறகு வாசனை வந்தாலே நாக்கை நீட்டும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பரீட்சை, மறுநாள் இன்னொன்று. பரீட்சையில் வாசனை மட்டும்தான், சொட்டு கிடையாது.

"இது பரீட்சைம்மா. இதுல குடுக்கமாட்டோம்."

"அப்ப ஏமாத்துறீங்க" என்று சொல்லிவிட்டு, மகள் சுழல் நாற்காலியில் சுற்றப் போய்விட்டாள்.

காலையில் கடவுள் முன் அரை நிமிடம் நிற்காமல் வீட்டை விட்டு இறங்காத மனிதர் அவர். அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அடுத்த வாரம் நாற்பது தேனீக்கள் வந்தன. இருபதுக்கு, வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து துளியூண்டு கலந்த பாகு. மற்ற இருபதுக்கு வெறும் பாகு. முதல் பரீட்சையை நடத்தி, மதிப்பெண்ணை ஒழுங்காகக் குறித்தபடியே, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுக் கொடுத்தார். நாக்கை நீட்டாதவற்றை மட்டும் பட்டினி போடுவானேன் என்று அவற்றுக்கும் கொடுத்தார். அன்று இரண்டு வாய் கூடவே சாப்பிட்டார்.

மறுநாள் இரண்டாவது பரீட்சையில், மருந்து குடித்த இருபதில் பதினைந்து நாக்கை நீட்டின.

ஆய்வகத் தலைவியான டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன மாசம் நாலுதான் நீட்டுச்சு. மூளையில சேதி வாங்குற இடத்துல இந்த மருந்து போய் உக்காந்துக்குது, பஸ்ல ஜன்னல் சீட்டைப் பிடிச்ச ஆள் மாதிரி. அதான் மறந்துபோகுதுன்னு எழுதி வெச்சிருக்கேன். இப்ப, மருந்தால ஒண்ணும் ஆகலைன்னு மாத்தணும் போல. வெள்ளிக்கிழமை வர்ற மருந்துக் கம்பெனிக்காரங்களுக்கு வாயெல்லாம் பல்லாயிடும்."

உதவியாளர் வேலை வருடாவருடம் புதுப்பிக்கப்படுவது. இந்த வருடப் புதுப்பிப்புத் தாள் டாக்டரம்மாவின் மேசையிலேயே கையெழுத்துக்காகக் கிடந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தேனீக்களுக்குத் தெரியும், அவையும் பரீட்சை முடிந்ததும் வழக்கம்போல உறைந்து சாக உறைபெட்டிக்குப் போய்விட்டன. ஆனால் வயல்களில் இருக்கிற தேனீக்கள்? அவர் கொடுத்த நாற்பது சொட்டுக்காக அவையெல்லாம் வீட்டுக்கு வழி மறந்து அலையப்போகின்றன.

"மேடம், நான் குடுத்துட்டேன்."

"என்னத்தை?"

"சொட்டு. முதல் பரீட்சையில. எல்லாத்துக்கும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது பரீட்சை இல்லையே. நாலாவது தடவை பாடம்ல நடத்தியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"ஏன்?"

"என் பொண்ணு கேட்டா, ஏன் ஏமாத்துறீங்கன்னு."

"என்ன படிக்கிறா?"

"ரெண்டாவது."

"எங்க ஆலோசனைக் குழுவுல யாரும் இதைக் கேட்கலை."

தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'செல்லாது' என்று எழுதினார். அதே பேனாவால் புதுப்பிப்புத் தாளிலும் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இன்னும் முடியலைன்னு வெள்ளிக்கிழமை சொல்லிக்கிறேன். திங்கட்கிழமை முதல்லேர்ந்து ஆரம்பிங்க. ரெண்டாவது பரீட்சை முடியற வரைக்கும் உங்க இரக்கத்தை டிராயர்ல வெச்சுப் பூட்டுங்க."

"அதுக்கப்புறம் மேடம்?"

"அதுக்கப்புறம் நடக்கறதை எழுத என் தாள்ல கட்டமே கிடையாது."

திங்கட்கிழமை புதிய நாற்பது வந்தன. செவ்வாய்க்கிழமை இரண்டாவது பரீட்சை. மருந்து குடிக்காதவற்றில் பதினாறு நாக்கை நீட்டின, குடித்தவற்றில் மூன்று. அவர் எழுதிக் கொடுத்தார். டாக்டரம்மா தாளோடு தன் அறைக்குப் போனார்.

உறைபெட்டிக்குத் தட்டு போகுமுன் அவர் சர்க்கரைத் தண்ணீரை எடுத்தார். வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. பாடத்தை மறந்தவையும், உணர்கொம்பில் இனிப்புப் பட்டதும் நாக்கை நீட்டின. அதை எந்த மருந்தும் மறக்கடித்திருக்கவில்லை.

நாற்பதாவது தேனீ மெதுவாகக் குடித்தது. அவர் காத்திருந்தார்.