ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரு தடவை

எங்கள் லாரிக்கு ஒரு குணம் உண்டு. சில நாள் சாவியைத் தொட்டதுமே உறுமிக்கொண்டு கிளம்பும். சில நாள் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திட்டினால் கிளம்பிய நாளும் உண்டு, கெஞ்சினால் கிளம்பிய நாளும் உண்டு. வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் சுமந்து எங்களுக்குச் சோறு போட்ட சின்ன லாரி அது. அதனால் இத்தனை வருஷமும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த மாதம் அது முடியவில்லை. என் மகளுக்கு நிறைமாதம். பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் வயிற்றுக்குள் சட்டமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு வாரம் கழித்து ஆபரேஷனுக்கு நாள் குறித்த டாக்டரம்மா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அதுக்குள்ள வலி எடுத்தா உடனே கிளம்பி வந்துடணும். முதல் பிரசவம்தானே, நேரமாகும்னு வீட்டுல உட்கார்ந்திருக்காதீங்க. கால் முதல்ல வந்துட்டா ரொம்ப ஆபத்து."

ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், முக்கால் மணி நேர வழி. எங்கள் தெருவோ ஊரின் கடைசித் தெரு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது வந்து சேர்வதற்குள் நாமே போய்விட்டுத் திரும்பிவிடலாம். டாக்சிக்காரன் இதோ வருகிறேன் என்பான், அந்த 'இதோ' அடுத்த நாள் வரைக்கும் நீளும். ஆகக்கூடி என் பேரப்பிள்ளையின் உயிர் அந்த 'டக்'கில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம்கூட எனக்கு 'டக்' என்றுதான் கேட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

என் வீட்டுக்காரர் கையில் ஸ்பானரோடு இறங்கினார். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். வயரை இறுக்கினார். ஸ்டார்ட் பண்ணிச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து, நான் துடைத்து வைத்த சாப்பாட்டு மேஜையின் மேலேயே பிரித்துப் போட்டார். மாப்பிள்ளை டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர் தையல்காரர். தெருமுனையில் கடை. எங்களுக்கு ஒரே பெண் என்பதால் வீட்டோடு மாப்பிள்ளை. ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கோர்ப்பார், லாரியில் எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று மட்டும்தான் தெரியும்.

"மாமா, ஒருவேளை டீசல் தீர்ந்திருக்குமோ?"

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தார். "டார்ச்ச நேரா பிடிங்க மாப்பிள்ளை."

செல்ஃப் மோட்டாரைத் திரும்ப மாட்டியதும் வண்டி மூன்று நாள் சமர்த்தாக இருந்தது. நான்காம் நாள் 'டக்'. எனக்கு வந்த ஆத்திரத்தில் டயரை ஓர் உதை விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

கடைசியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவரைக் கூட்டி வந்தோம். ஊரில் அவருக்கு 'பியூஸ்' என்றுதான் பெயர். அவர் வந்து நின்றதும் லாரி பூனை மாதிரி சாதுவாகிவிட்டது. திருப்பினால் கிளம்புகிறது, நிறுத்திவிட்டுத் திருப்பினால் மறுபடி கிளம்புகிறது. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுபோகுமே, அந்தக் கதை. "வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார் பியூஸ்.

"இருங்க, போயிடாதீங்க. நீங்க தெரு தாண்டினதும் அது வேலையைக் காட்டும்" என்று டீயைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். டீ பாதி குடிக்கும்போது 'டக்' என்றது. என் வாழ்நாளில் அந்தச் சத்தத்துக்கு நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

பியூஸ் இரண்டு வயர் மாட்டிய ஒரு சின்ன பல்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். அங்கே தொட்டார், இங்கே தொட்டார். "அண்ணே, பேட்டரியும் குற்றமில்ல, மோட்டாரும் குற்றமில்ல. என்ஜின்ல இருந்து சேஸிக்கு வர்ற எர்த் வயர் பாருங்க. போல்ட்டுக்கு அடியில துரு. நினைச்சா ஒட்டுது, நினைச்சா விடுது" என்று கீழே இருந்தே கத்தினார். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டினார். அதற்குப் பிறகு எத்தனை தடவை திருப்பியும் வண்டி ஏமாற்றவில்லை.

போகும்போது எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "வண்டி இனி கிளம்பும். ஆனா பேட்டரி கிழடு. புதுசு சொல்லி வச்சிருக்கேன், வர அடுத்த வாரம் ஆகும். அதுவரைக்கும் சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. ஒவ்வொரு தடவையும் அதோட தெம்பு குறையும். வண்டி கொஞ்ச தூரம் ஓடினாத்தான் அந்தத் தெம்பு திரும்ப ஏறும். கேட்டுச்சா?"

கேட்டது. மூன்று பேரும் தலையாட்டினோம். என் வீட்டுக்காரர் சாவியைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, "யாரும் தொடக்கூடாது. தேவைன்னா மட்டும்தான்" என்று உத்தரவு போட்டார். அந்த வாரம் வாடகை எதற்கும் போகவில்லை. வண்டி யார் வீட்டுக் கட்டிலையோ ஏற்றிக்கொண்டிருக்கும்போது இங்கே வலி எடுத்துவிட்டால்? லாரி வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்றது.

மறுநாள் காலையில் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். துரு திரும்பவும் பிடித்திருந்தால்? போல்ட் லூசாகியிருந்தால்? என் வீட்டுக்காரர் கடைத்தெருவுக்கும் மாப்பிள்ளை தையல் கடைக்கும் போயிருந்தார்கள். பக்கத்து மர அறுவை மில்லில் ரம்பம் கத்த ஆரம்பித்தால் எங்கள் தெருவில் பெற்ற தாய் கூப்பிட்டாலும் கேட்காது. ஒரு தடவைதானே என்று சாவியை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு ஓட்டத் தெரியாது, திருப்பத் தெரியும். திருப்பினேன். உறுமியது. அப்பாடா என்று உடனே நிறுத்திவிட்டு, சாவியை இருந்த இடத்திலேயே மாட்டினேன். அன்று முழுக்க நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த நிம்மதி ஒருநாளுக்குத்தான் வந்தது. அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். யார் தலையிலும் கல்லைப் போடவில்லை, ஒரே ஒரு தடவை திருப்புகிறேன், அதில் என்ன கெட்டுவிடும்?

வலி வந்தது மில்லுக்கு விடுமுறை நாளில். காலைச் சாப்பாடு முடிந்து மகள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டு கீழே விழுந்தது. அவள் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். "அம்மா, இது வேற மாதிரி இருக்கும்மா."

மாப்பிள்ளை போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வண்டி வேறொரு கேஸுக்குப் போயிருக்கிறது, வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். "நம்ம வண்டி இருக்கும்போது என்ன பயம்?" என்று என் வீட்டுக்காரர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். நாங்கள் மகளைத் தாங்கிக்கொண்டு போய் முன்சீட்டில் ஏற்றினோம். அவர் சாவியைத் திருப்பினார்.

'டக்' என்றுகூட இல்லை. தொண்டை கட்டினவன் கனைக்கிற மாதிரி ஒரு முனகல், பிறகு அதுவும் இல்லை.

அவர் மறுபடி திருப்பினார். முன்னால் எரிந்துகொண்டிருந்த சின்னச் சிவப்பு விளக்கு மங்கி அணைந்தது. "பேட்டரி செத்துப் போச்சு. எப்படிச் செத்துச்சு? நான் தினமும் காலையில மில்லு ஓட ஆரம்பிச்சதும் ஒரே ஒரு தடவைதானே திருப்பிப் பார்த்தேன்!" என்று அலறினார்.

"நீங்களுமா?" என்றேன். வாயை விட்டு வந்துவிட்டது.

"என்னது, நீங்களுமாவா?"

மாப்பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது. "மாமா, நான் மத்தியானம் சாப்பிட வர்றப்போ... அத்தை கொல்லையில பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பாங்க... சும்மா ஒரு தடவை..."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவர்கள், ஆளுக்கு ஒரு கையாக. எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் அறைய வேண்டும் போல இருந்தது. என்னை அறைய யாரும் இல்லை.

"சண்டை அப்புறம் போடுங்க. தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் மகள்.

எங்கள் தெரு தரையில் உருட்டிவிட்ட கோலிக்குண்டு அப்படியே நிற்கிற அளவுக்குச் சமம். பள்ளம் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. எதிர்வீட்டு வெல்டர் பனியனோடு ஓடி வந்தார். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் உட்கார, நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்று தள்ளினோம். வண்டி நகர்ந்தது, ஆனால் வேகம் எடுக்கவில்லை. கிளட்சை விட்டதும் குலுங்கி நின்றது. எங்களில் பலசாலியே என் வீட்டுக்காரர்தான், அவர் உள்ளே உட்கார்ந்திருந்தால் எப்படி நடக்கும்? அவர் இறங்கினார், மாப்பிள்ளை ஏறினார். வண்டி நன்றாகவே ஓடியது. மாப்பிள்ளை கிளட்சை விடாமல் பிரேக்கை மிதித்தார். நான் பின்கதவில் நெற்றியை மோதிக்கொண்டேன்.

தெருவில் பாதி போய்விட்டது. முன்னால் மில்லின் சுற்றுச்சுவர். அங்கேதான் சாலை இடதுபக்கம் திரும்புகிறது. அதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவைதான் தள்ள முடியும்.

"நீங்க இறங்குங்க" என்றாள் மகள், தன் புருஷனிடம்.

"என்ன செய்யப் போறே?"

"நான் மட்டும்தானே இங்க தள்ள முடியாத ஆளு? இறங்குங்க."

அவள் சீட்டில் நகர்ந்து ஸ்டியரிங்குக்கு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவோடு அதே வண்டியில் லோடு அடித்தவள்தான். ஆனால் இப்போது வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. நான் ஓவென்று கத்தினேன். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா, வேணாம்" என்று அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குள் அவளுக்கு அடுத்த வலி வந்தது. ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நாங்கள் நாலு பேரும் வண்டிக்குப் பின்னால் கையை வைத்தபடி, மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தோம்.

தலையைத் தூக்கினாள். "அப்பா, செகண்ட் கியர்தானே?"

"செகண்டுதாம்மா. நான் சொல்றப்போ விடு."

"எனக்குத் தெரியும். தள்ளுங்க!"

தள்ளினோம். எங்கிருந்து வந்ததோ அந்த வேகம், எனக்குத் தெரியாது. செருப்பு ஒன்று கழன்று போனது. சுவர் கிட்டே வந்தது. இப்போ விடு, இப்போ விடு என்று அவர் கத்த, அவள் விடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஓடவிட்டு, பிறகு சட்டென்று விட்டாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. கரும்புகை என் முகத்தில் அடித்தது. உறுமல் கேட்டது. சுவருக்கு முன்னால் வண்டியைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரை விடாமல் மிதித்துக்கொண்டே நின்றாள் என் பெண்.

அவளை நகர்த்தி உட்கார வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் ஏறினார், மாப்பிள்ளை பின்னால் தொற்றிக்கொண்டார், வண்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. வழியில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு மெல்லச் சொன்னாள்: "கொட்டகை என் ரூம் சுவரை ஒட்டித்தானேம்மா இருக்கு. ரம்பச் சத்தத்துலயும் எனக்குக் கேட்கும். காலையில அப்பா, அப்புறம் நீ, மத்தியானம் அவரு. நிறுத்தச் சொல்லணும்னு தினமும் நினைப்பேன். ஆனா அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு." நான் அவள் தலையைக் கோதிக்கொண்டே அழுதேன்.

அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை கதவுக்கு வெளியே நின்றார், நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெளியே லாரி ஓடிக்கொண்டே இருந்தது. காவலாளி வந்து, "யாரும்மா அந்த லாரிக்காரரு? நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டேங்கிறாரு" என்று சத்தம் போட்டார். நான் போய்க் கேட்டேன்.

"உள்ள அவளுக்குக் கேட்கும்ல. கேட்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி. காவலாளி என் முகத்தைப் பார்த்தார், பிறகு வாசலுக்கே திரும்பிப் போனார்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வந்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றார். மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வெறுங்காலோடு வாசலுக்கு ஓடி, அதையே லாரி ஜன்னலில் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். காலையிலிருந்து முதல்முறையாக எல்லாம் அமைதியானது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கை மறுபடியும் மெதுவாக அதை நோக்கிப் போனது.

ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.